கையெழுத்து பெற்றோருடையது, பொறுப்பு யாருடையது?

பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளி வருகை: சந்தேகங்களும் விளக்கங்களும்

2021 ஜனவரி 19 அன்று, பத்து மாதங்களுக்குப் பிறகு, தமிழ்நாட்டில் 10, 12-ஆம் வகுப்புகளுக்குப் பள்ளிகள் திறந்தன. அதற்குச் சில நாள் முன்பு பெற்றோரின் வாட்ஸ்அப்பில் ஒரு படிவம் வந்தது. அச்செடுத்து, கையெழுத்திட்டு, முதல் நாளே பிள்ளையிடம் கொடுத்தனுப்ப வேண்டும். எங்கள் வீட்டுக்கு வந்த படிவத்தின் கடைசி வரி இப்படி இருந்தது: ‘பிள்ளைக்குத் தொற்று ஏற்பட்டால் பள்ளி நிர்வாகம் எந்த வகையிலும் பொறுப்பாகாது.’

பக்கத்து வீட்டு அக்கா அதே தாளோடு வாசலில் வந்து நின்றார். தையல் வேலை செய்து மகனைப் படிக்க வைப்பவர். “இதுல கையெழுத்துப் போட்டா, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நாம வாயே தொறக்க முடியாதா தம்பி? போடலைன்னா பையன் பரீட்சை என்ன ஆகும்?” என்று கேட்டார். இரண்டுக்குமே அன்று எனக்குச் சரியான பதில் தெரியவில்லை. பதில் தெரியாமலேயே இருவரும் கையெழுத்துப் போட்டு அனுப்பினோம்.

கொரோனாவுக்கான உலகளாவிய அவசரநிலை 2023 மே 5-ஆம் தேதி விலக்கிக்கொள்ளப்பட்டது. அதற்குச் சற்று முன்பு, அதே ஆண்டு மார்ச்சில் காய்ச்சல் பரவியபோது, புதுச்சேரியில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 16-ஆம் தேதி முதல் 26-ஆம் தேதி வரை விடுமுறை விட்டார்கள். செப்டம்பரில் நிபா வந்தபோது கோழிக்கோட்டில் பள்ளிகள் மூடப்பட்டன. தொற்று எந்தப் பெயரில் வந்தாலும் பெற்றோரின் சந்தேகங்கள் ஒரே மாதிரியானவைதான். 2020 முதல் 2022 வரை வந்த அரசாணைகளையும், அப்போதும் அதற்கு முன்னும் பின்னும் வந்த நீதிமன்றத் தீர்ப்புகளையும், சட்டப் பிரிவுகளையும் வைத்து அவற்றுக்கு விளக்கம் தர இங்கே முயன்றிருக்கிறேன். இவை பொதுவான விளக்கங்கள். உங்கள் பிள்ளைக்கு நேர்ந்த ஒரு குறிப்பிட்ட சம்பவத்துக்கு வழக்கறிஞரின் ஆலோசனை அவசியம்.

கல்வி கட்டாயம் என்கிறது சட்டம். அப்படியானால் தொற்று பரவும்போதும் அனுப்பியே ஆக வேண்டுமா?

6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கு இலவச, கட்டாயக் கல்வி என்பது அரசமைப்பின் 21-ஏ பிரிவு தரும் உரிமை. அதை நடைமுறைப்படுத்த வந்தது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். இதில் ‘கட்டாயம்’ என்ற சொல் முதலில் கட்டுப்படுத்துவது அரசைத்தான். குழந்தையைச் சேர்ப்பதையும், அது பள்ளிக்கு வருவதையும், படிப்பை முடிப்பதையும் உறுதிசெய்வது அரசின் கடமை என்று சட்டத்தின் 8-ஆம் பிரிவு விளக்குகிறது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது 10-ஆம் பிரிவு. அதைச் செய்யாத பெற்றோருக்கு இந்தச் சட்டம் தண்டனை எதையும் வைக்கவில்லை.

கொரோனா காலத்தில் இதற்கு மேலாக ஒரு தெளிவான சலுகையும் கிடைத்தது. மாநிலங்கள் 2020 அக்டோபர் 15-க்குப் பிறகு பள்ளிகளைப் படிப்படியாகத் திறக்கலாம் என்று செப்டம்பர் 30-ஆம் தேதி மத்திய உள்துறை அமைச்சகம் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. பெற்றோரின் எழுத்துப்பூர்வச் சம்மதத்துடன் மட்டுமே மாணவர்கள் வரலாம், வருகையைக் கட்டாயப்படுத்தக் கூடாது, இணையவழியில் படிக்க விரும்புவோரை அப்படியே படிக்க விடலாம் என்ற மூன்றும் அதில் இருந்தன. தமிழ்நாட்டிலும் அதே வழிதான் பின்பற்றப்பட்டது. 2020 நவம்பர் 9-ஆம் தேதி பள்ளிகளில் பெற்றோரின் கருத்து கேட்கப்பட்டது. அதன் பிறகு, நவம்பர் 16-இல் திறக்கும் திட்டம் கைவிடப்பட்டது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. வீட்டில் வைத்துக்கொள்ளும் அந்த உரிமை அன்றைய ஆணை தந்தது. ஆணை மாறினால் அதுவும் மாறும். இங்கிலாந்தில் 2020 செப்டம்பரிலேயே பள்ளி வருகையை மீண்டும் கட்டாயமாக்கினார்கள். காரணமின்றி அனுப்பாத பெற்றோருக்கு அபராதம் விதிக்கவும் அங்கே வழி உண்டு. ஆகவே ‘நான் அனுப்ப மாட்டேன்’ என்று முடிவெடுக்கும் முன், அந்த நேரத்தில் நடப்பில் உள்ள ஆணை என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.

சம்மதக் கடிதம் எதற்காக?

நீங்கள் சுயமாக முடிவெடுத்தீர்கள் என்பதற்கு அது சாட்சி. பள்ளி உங்களை வற்புறுத்தவில்லை, நிலைமை உங்களுக்குத் தெரியும், தெரிந்தே அனுப்புகிறீர்கள் என்பதை அது காட்டுகிறது. மத்திய நெறிமுறை கேட்டதும் இவ்வளவுதான். பள்ளியைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும் உறுதிமொழியைப் பெற்றோரிடம் வாங்கச் சொல்லி அது கேட்கவில்லை.

அறுவைச் சிகிச்சைக்கு முன் மருத்துவமனையில் கையெழுத்து வாங்குகிறார்கள் அல்லவா? அதில் கையெழுத்துப் போட்டதாலேயே மருத்துவர் கவனக்குறைவாக இருக்கலாம் என்று ஆகிவிடாது. பள்ளியின் சம்மதக் கடிதத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

‘பள்ளி பொறுப்பல்ல’ என்ற வரியில் கையெழுத்திட்டுவிட்டேன். இனி எதுவும் கேட்க முடியாதா?

கேட்கலாம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இல் இதற்கு இரண்டு பிரிவுகள் துணை நிற்கின்றன. பொதுநலக் கொள்கைக்கு எதிரான ஒப்பந்தம் செல்லாது என்கிறது 23-ஆம் பிரிவு. ஒருவர் தன் உரிமைக்காக நீதிமன்றம் போவதை முற்றிலுமாகத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது 28-ஆம் பிரிவு.

இரு தரப்புக்கும் சமமான பேரம் பேசும் வலு இல்லாத இடத்தில், வலுவானவர் எழுதி நீட்டும் நியாயமற்ற நிபந்தனை செல்லாது என்று 1986-இல் உச்ச நீதிமன்றம் பிரஜோநாத் கங்குலி வழக்கில் சொன்னது. அது வேலை ஒப்பந்தம் பற்றிய வழக்கு. அதன் தர்க்கம் பள்ளிப் படிவத்துக்கும் பொருந்தும் என்று வாதிட இடமுண்டு. கையெழுத்துப் போடாவிட்டால் பிள்ளையை வகுப்பில் சேர்க்க மாட்டார்கள் என்று பயந்து நிற்கும் தாய்க்கு என்ன பேர வலு இருக்கிறது? மேலும், பாதிக்கப்படுவது குழந்தை. குழந்தையின் உரிமையைப் பெற்றோர் ஒரு வரியில் எழுதிக் கொடுத்துவிட முடியும் என்று பள்ளி எளிதில் வாதிட முடியாது.

நடைமுறையில் செய்ய வேண்டியது: அந்த வரியை மட்டும் கோடிட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் இடுங்கள். ‘அரசின் நெறிமுறைகளைப் பள்ளி பின்பற்றும் என்ற நம்பிக்கையில் அனுப்புகிறேன்’ என்று ஒரு வரி எழுதுங்கள். கொடுத்தனுப்பும் முன் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வரியை அடிக்காமலே கையெழுத்திட்டிருந்தாலும், பள்ளியின் கவனக்குறைவைக் கேள்வி கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

அப்படியானால் பள்ளியின் பொறுப்பு எதுவரை?

பள்ளி நேரத்தில் பிள்ளை ஆசிரியரின் காவலில் இருக்கிறது. விவரம் தெரிந்த ஒரு பெற்றோர் எவ்வளவு கவனமாக இருப்பாரோ அவ்வளவு கவனத்தைச் சட்டம் பள்ளியிடம் எதிர்பார்க்கிறது. 1995 மே மாதம் பதான்கோட் பக்கத்துப் பள்ளி ஒன்று குழந்தைகளைப் பியாஸ் ஆற்றங்கரைக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றது. 14 குழந்தைகள் நீரில் மூழ்கி இறந்தார்கள். உடன் சென்ற ஆசிரியர்களின் கவனக்குறைவுக்குப் பள்ளி நிர்வாகம் பதில் சொல்ல வேண்டும் என்று கூறி, ஒவ்வொரு குழந்தைக்கும் 5 லட்சம் ரூபாய் இழப்பீட்டை 2001-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

இன்னொரு தீர்ப்பு நம் மண்ணின் துயரத்திலிருந்து வந்தது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகளை இழந்தோம். அதையொட்டித் தொடரப்பட்ட அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில், 2009-இல் உச்ச நீதிமன்றம் ஓர் அடிப்படையை நிறுவியது. கல்வி உரிமை என்றால் பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையும் சேர்ந்ததுதான் என்றது. அந்த வழக்கில் பேசப்பட்டது தீ விபத்து. ஆனால் ‘பாதுகாப்பான பள்ளி’ என்ற சொல்லுக்குள் காற்றோட்டமும் கைகழுவத் தண்ணீரும் அடங்காது என்று யார் சொல்ல முடியும்?

தொற்றுக் காலத்தில் இந்தக் கவனத்துக்கு அளவுகோல் அரசின் நெறிமுறைதான். 2021 ஜனவரியில் ஒரு வகுப்பறைக்கு 25 மாணவர்கள் என்று வரம்பு இருந்தது. முகக்கவசம், கைகழுவும் வசதி, வெப்பநிலைப் பரிசோதனை ஆகியவையும் சொல்லப்பட்டிருந்தன. ஒரு பெஞ்சில் ஐந்து பேரை உட்காரவைத்த பள்ளியும், ஜன்னலைச் சாத்தி ஏசி போட்ட பள்ளியும், காய்ச்சலோடு வந்த மாணவரை மாலை வரை வகுப்பிலேயே வைத்திருந்த பள்ளியும் அந்த அளவுகோலில் தவறியவை. வேனில் பிள்ளைகளை அடைத்து ஏற்றுவதும் பள்ளியின் கணக்கில்தான் சேரும், அது பள்ளி நடத்தும் வேனாக இருந்தால்.

அதேசமயம், எந்தப் பிள்ளைக்கும் தொற்றே வராது என்ற உத்தரவாதத்தைச் சட்டம் எந்தப் பள்ளியிடமும் கேட்பதில்லை. செய்ய வேண்டியதை எல்லாம் செய்த பள்ளியில் ஒரு குழந்தைக்கு நோய் வந்தால், அதற்காகப் பள்ளியைக் குற்றம் சாட்ட முடியாது. ஆசிரியர்களும் அதே காற்றைச் சுவாசித்து, அதே பயத்தோடு வேலைக்கு வந்தவர்கள் என்பதைப் பெற்றோர் நினைவில் வைக்க வேண்டும்.

பள்ளியில்தான் தொற்று வந்தது என்றால் இழப்பீடு பெற முடியுமா?

உரிமை இருக்கிறது, நிரூபிப்பது கடினம். இழப்பீடு கேட்பவர் மூன்று விஷயங்களைக் காட்ட வேண்டும். பள்ளிக்குக் கவனக் கடமை இருந்தது, அதில் தவறியது, அந்தத் தவற்றால்தான் பாதிப்பு வந்தது. முதல் இரண்டையும் காட்டிவிடலாம். மூன்றாவதில்தான் சிக்கல். பிள்ளை பேருந்தில் போயிருக்கும், டியூஷனுக்குப் போயிருக்கும், வீட்டில் அப்பா வேலைக்குப் போய் வந்திருப்பார். கிருமி எந்த வாசல் வழியாக வந்தது என்று சொல்வது அரிது.

ஆனாலும் ஒரே வகுப்பில் சில நாள்களுக்குள் பலருக்குத் தொற்று, நெறிமுறை மீறப்பட்டதற்குப் படங்கள், முன்னரே எழுதிக் கொடுத்த புகார், அதற்குப் பள்ளி பதில் தராதது எனச் சான்றுகள் சேர்ந்தால் வழக்கு வலுப்பெறும். குழந்தையின் சார்பில் இழப்பீடு கேட்பதற்கான காலவரம்பு, அந்தக் குழந்தைக்கு 18 வயது நிறைந்த பிறகே ஓடத் தொடங்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டியது.

நுகர்வோர் நீதிமன்றம் இதற்கு உறுதியான வழி இல்லை. கல்வி நிலையங்கள் தரும் கல்வி, நுகர்வோர் சட்டம் சொல்லும் ‘சேவை’ ஆகாது என்று தேசிய ஆணையம் 2020 ஜனவரியில் தீர்ப்பளித்தது. உரிமையியல் நீதிமன்றமோ, உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவோதான் வழி.

யார் தவறு என்று பார்க்காமல் கிடைத்த உதவியும் ஒன்று உண்டு. கொரோனாவால் இறந்தவர்களின் குடும்பத்துக்கு மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து 50,000 ரூபாய் வழங்கும் திட்டத்தை 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. பள்ளியின் தவற்றை நிரூபிக்க வேண்டிய தேவை அதில் இல்லை.

‘அரசு ஆணைப்படிதான் திறந்தோம்’ என்று பள்ளி சொன்னால்?

தொற்றுநோய்ச் சட்டம் 1897-இன் 4-ஆம் பிரிவும், பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-இன் 73-ஆம் பிரிவும், கல்வி உரிமைச் சட்டத்தின் 37-ஆம் பிரிவும் நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட செயல்களுக்குச் சட்டப் பாதுகாப்பு தருகின்றன. அரசும் அதிகாரிகளும் இந்தப் பாதுகாப்பில் முதலில் வருவார்கள். பள்ளியைத் திறந்ததற்காக மட்டும் தலைமையாசிரியர் மீது வழக்குப் போட்டால் அது நிற்காது.

ஆனால் திறப்பதற்கு அனுமதித்த அதே ஆணைதான் இடைவெளியையும் முகக்கவசத்தையும் நிபந்தனையாக வைத்தது. நிபந்தனையை மீறியவர் ஆணையைக் கேடயமாகப் பிடிக்க முடியாது. பேரிடர் காலத்தில் அரசின் உத்தரவைக் காரணமின்றி மறுத்தால், பேரிடர் சட்டத்தின் 51-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை உண்டு. அதனால் உயிரிழப்பு நேர்ந்தால் இரண்டாண்டு வரை. கவனக்குறைவால் உயிரிழப்பு நேர்வது அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 304-ஏ பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 106-ஆம் பிரிவு.

அனுப்பாமல் இருந்தால் பெயரை நீக்குவார்களா? பரீட்சைக்கு விடுவார்களா?

எட்டாம் வகுப்பை முடிக்கும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு. நீண்ட நாள் வரவில்லை என்று பெயரை அடிப்பதும் அந்தப் பாதுகாப்புக்கு எதிரானதே.

ஒன்பதாம் வகுப்புக்கு மேல் கவனம் தேவை. சிபிஎஸ்இ பொதுத்தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும் என்பது சாதாரண கால விதி. வருகையைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற ஆணை நடப்பில் இருக்கும்போது இந்த விதியைக் காட்டி மிரட்டுவது முறையல்ல. ஆனால் அத்தகைய ஆணை இல்லாத நாளில் விதி விதிதான்.

வருகை எப்படி மதிப்பெண்ணாக மாறும் என்பதற்குத் தமிழ்நாடே உதாரணம். 2020 ஜூன் 9-ஆம் தேதி பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்தாகி அனைவரும் தேர்ச்சி என்று அறிவிக்கப்பட்டது. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு 80 விழுக்காடு, வருகைக்கு 20 விழுக்காடு என்று மதிப்பெண் கணக்கிட்டார்கள். மறு ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு ரத்தானபோது பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து 50, பதினொன்றிலிருந்து 20, பன்னிரண்டின் செய்முறை, அக மதிப்பீட்டிலிருந்து 30 என்று எடுத்தார்கள். தேர்வு நடக்காமலே போகக்கூடிய காலத்தில் ஒவ்வொரு சிறு தேர்வுக்கும் எடை கூடிவிடுகிறது. பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ள முடிவெடுத்தால், காரணத்தை எழுத்தில் கொடுங்கள். இணைய வகுப்பு வருகையும் ஒப்படைப்புகளும் பதிவாகின்றனவா என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

பள்ளிக்கே போகாத பிள்ளைக்கு முழுக் கட்டணமா?

2020 ஜூலை 17-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம், உதவி பெறாத தனியார் பள்ளிகள் 75 விழுக்காடு கட்டணம் வசூலிக்க அனுமதித்தது. ஆகஸ்ட் 31-க்குள் 40 விழுக்காடு, பள்ளி திறந்த பிறகு 35 விழுக்காடு என்று தவணை வகுத்தது. 2021 ஜூலையில் அதே நீதிமன்றம் 85 விழுக்காடு என்றும், வேலையும் வருமானமும் இழந்த பெற்றோருக்கு 75 விழுக்காடு என்றும் பிரித்தது. அதற்கு முன்பு 2021 மே 3-ஆம் தேதி ராஜஸ்தான் பள்ளிகள் வழக்கில், நடத்தாத வசதிகளுக்காகப் பள்ளிகள் மிச்சப்படுத்திய செலவைக் கருதி 15 விழுக்காட்டைக் குறைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கட்டணம் பாக்கி என்பதற்காக மாணவரை வகுப்பிலிருந்து தடுக்கவோ தேர்வு முடிவை நிறுத்திவைக்கவோ கூடாது என்றும் சொன்னது.

இவை அந்தந்த ஆண்டுக்கான தீர்வுகள். அடுத்த முறை தானாகவே தள்ளுபடி கிடைக்கும் என்று எண்ண முடியாது. மாற்றுச் சான்றிதழ் (டிசி) விஷயம் அப்படியல்ல. கட்டண பாக்கியை வசூலிக்கும் கருவியாக மாற்றுச் சான்றிதழைப் பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தெளிவுபடுத்திவிட்டது. டிசி வரத் தாமதம் என்பதைச் சொல்லித் தொடக்கக் கல்விக்கான சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டமும் சொல்கிறது.

தடுப்பூசி போட்டால்தான் வகுப்பு என்று சொல்லலாமா?

15 முதல் 18 வயதுக்குட்பட்டோருக்கு 2022 ஜனவரி 3 முதலும், 12 முதல் 14 வயதினருக்கு மார்ச் 16 முதலும் தடுப்பூசி போடப்பட்டது. 2022 மே 2-ஆம் தேதி ஜேக்கப் புலியேல் வழக்கில், யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது, உடல் மீதான உரிமை வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுச் சுகாதார நலன் கருதி அரசு அளவான கட்டுப்பாடுகள் விதிக்கலாம் என்பதையும் அதே தீர்ப்பு ஏற்றது. ஆகவே ஒரு பள்ளி தானாக விதி செய்து பிள்ளையை வெளியே நிறுத்த முடியாது, அரசாணை வேண்டும். இது சட்ட நிலை. தகுதியுள்ள பிள்ளைக்கு, மருத்துவர் வேண்டாம் என்றாலொழிய, ஊசி போடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

பெற்றோருக்குப் பொறுப்பே இல்லையா?

நிச்சயம் இருக்கிறது. வீட்டில் ஒருவருக்குத் தொற்று என்று தெரிந்தும் மறைத்துப் பிள்ளையை அனுப்பினால், அது உயிருக்கு ஆபத்தான நோயைக் கவனக்குறைவால் பரப்பும் குற்றமாகலாம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 269-ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 271-ஆம் பிரிவு. ஆறு மாதம் வரை சிறை உண்டு. பள்ளியிடம் கவனத்தை எதிர்பார்க்கும் உரிமை, பக்கத்தில் உட்காரும் பிள்ளையின் பெற்றோருக்கும் நம்மிடம் உண்டு.

பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை இறக்கி அனுப்பும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. பெரும்பாலும் அதற்குக் காரணம் அலட்சியம் அல்ல; லீவு போட்டால் அம்மாவின் அன்றைய கூலி போய்விடும். காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு மூன்று நாள் வருகை விடுபட்டால் நடவடிக்கை இருக்காது என்று பள்ளி முன்கூட்டியே அறிவித்துவிட்டால், மறைக்கும் தேவை குறையும். நூறு சதவீத வருகைக்குப் பரிசு தரும் வழக்கத்தையாவது தொற்றுக் காலத்தில் நிறுத்திவைக்க வேண்டும்.

தொற்று வந்த பிள்ளையின் பெயரைப் பள்ளி வெளியிடலாமா?

கூடாது. எந்த வகுப்பில், எந்த நாளில் தொற்று தெரிந்தது என்பது மற்ற பெற்றோருக்குத் தேவையான தகவல். பெயர் தேவையில்லை. நோயாளியின் வீட்டு வாசலில் அறிவிப்பு ஒட்டும் வழக்கம் பற்றிய வழக்கில், பேரிடர் சட்டத்தின் கீழ் உரிய அதிகாரி உத்தரவிட்டாலொழிய அப்படி ஒட்டக் கூடாது என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வாட்ஸ்அப் குழுவில் பிள்ளையின் பெயரைப் போடுவதும் ஒருவகை ஒட்டல்தான். பெற்றோரும் அதைச் செய்யக் கூடாது.

அப்பா ஊரில் இல்லை. அம்மா கையெழுத்து போதுமா?

போதும். தந்தை உயிரோடு இருக்கும்போதும் தாய் இயற்கைக் காப்பாளராக இருக்க முடியும் என்பதை 1999-இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் நிலைநாட்டிவிட்டது. ‘அப்பா வந்து கையெழுத்துப் போடட்டும்’ என்று தாயைத் திருப்பி அனுப்புவது தவறு. பெற்றோர் வெளியூரில் இருக்க, தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் ஓர் எழுத்துக் கடிதம் கொடுத்துவைப்பது நல்லது. முதியவர்கள் இருக்கும் வீட்டுக்குத்தான் பிள்ளை மாலையில் திரும்புகிறது என்பதையும் சேர்த்து முடிவெடுங்கள்.

எப்படியும் வீட்டில் வைத்திருப்பதுதானே பாதுகாப்பு?

எல்லாப் பிள்ளைக்கும் அப்படியில்லை. தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2020 மார்ச்சில் மூடி 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. ஏறக்குறைய 19 மாதங்கள். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களின் எளிய குடும்பங்களில் சுமார் 1,400 குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. இணையவழியில் தொடர்ந்து படித்தவர்கள் நகரத்தில் 24 விழுக்காடு, கிராமத்தில் 8 விழுக்காடு. ஒரு போனை மூன்று பிள்ளைகள் பகிர்ந்த வீட்டில் ‘வீட்டிலிருந்தே படிக்கலாம்’ என்பது வெறும் பேச்சு. இழந்ததை மீட்கத்தான் 2021 அக்டோபர் 27-ஆம் தேதி ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் தொடங்க வேண்டிவந்தது.

சத்துணவில் கிடைத்த சூடான சாப்பாடு நின்றது. ஆடு மேய்க்கவும் பட்டறைக்கும் போன பிள்ளைகளில் சிலர் திரும்பி வரவே இல்லை. ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ உள்ள பிள்ளைக்கு வீடு பாதுகாப்பாக இருக்கலாம். மதியச் சாப்பாட்டுக்குப் பள்ளியை நம்பியிருந்த பிள்ளைக்குப் பள்ளிதான் பாதுகாப்பு. ஆகவே பெற்றோரின் விருப்பம் என்று சொல்வது நியாயமாக இருக்க வேண்டுமானால் இரண்டு வழியும் உண்மையில் திறந்திருக்க வேண்டும். வீட்டில் இருக்கும் பிள்ளைக்குப் பாடம் போய்ச்சேர வேண்டும், பள்ளிக்கு வரும் பிள்ளைக்குப் பாதுகாப்பு இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் அது விருப்பம் ஆகாது, நிர்ப்பந்தம்தான்.

பள்ளி கேட்கவில்லை என்றால் எங்கே முறையிடுவது?

முதலில் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். அரசு, உதவி பெறும் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. பெற்றோரே பெரும்பான்மையாக உள்ள அந்தக் குழுவின் கூட்டத்தில் பேசுங்கள். அடுத்து மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர். பேரிடர் கால விதிமீறல் என்றால் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவரான ஆட்சியரிடம் நேரடியாக மனு கொடுக்கலாம். கல்வி உரிமை மீறலுக்கு மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் உண்டு. பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098.

பெற்றோர் தனியாகப் போவதைவிட வகுப்பில் பத்துப் பேர் சேர்ந்து போனால் பிள்ளை குறிவைக்கப்படும் அச்சம் குறையும். புகார் கொடுத்ததற்காகப் பிள்ளையை வகுப்பில் ஒதுக்கினால், அது கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்யும் மனத் துன்புறுத்தல்.

அந்த அக்காவின் இரண்டு கேள்விகளுக்கும் இன்று என்னால் பதில் சொல்ல முடியும். கையெழுத்துப் போட்டாலும் வாய் திறக்கலாம் அக்கா, அந்த வரியை அடித்துவிட்டுப் போட்டால் இன்னும் நல்லது. போடாவிட்டாலும், வருகையைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற ஆணை நடப்பில் இருக்கும்வரை, வருகையைக் காட்டிப் பையனைப் பரீட்சையிலிருந்து தடுப்பது முறையல்ல. ஆனால் இந்தப் பதில்கள் அந்தப் படிவத்திலேயே அச்சாகியிருக்க வேண்டியவை. ஒரு தாய் அண்டை வீட்டு வாசலில் வந்து கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலை இருக்கக் கூடாது. அடுத்த தொற்று வருவதற்குள், பெற்றோரின் உரிமை என்ன, பள்ளியின் கடமை என்ன என்று இரண்டையும் ஒரே பக்கத்தில் எளிய தமிழில் எழுதிய ஒரு பொதுப் படிவத்தைப் பள்ளிக் கல்வித் துறை தயாராக வைத்திருக்க வேண்டும். அதில் பெற்றோரின் கையெழுத்துக்கு எதிரே தலைமையாசிரியரின் கையெழுத்துக்கும் ஓர் இடம் வேண்டும்.